சட்டசபைக்குப் போன தொழிலாளர் வக்கீல்

(தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமாருக்கு நமது சங்கம் நடத்திய சட்டப் பயிற்சி வகுப்பின் தொடக்க உரை)



ஒரு நாள் பேரை இழந்து இந்த வகுப்புக்கு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். தொழில் நியாய சபை, சேமலாப நிதி, சேவைக்காலப் பணம் என்று இன்று பல பாடங்கள் இருக்கின்றன. அவற்றைத் தொடங்குமுன் ஒரு மனிதரைப் பற்றிப் பேச விரும்புகிறோம். அவர் நமது நாட்டவர் அல்ல. நமது தோட்டங்களுக்கு வந்தவரும் அல்ல. ஆனால் கமிட்டிக் கூட்டங்களில் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் ஒரு கேள்விக்கு அவருடைய வாழ்க்கையில் பதில் கிடைக்கிறது. நமது வாக்கை வாங்கிக்கொண்டு சபைக்குப் போகிறவரால் அங்கே என்னதான் செய்ய முடியும்? சட்டம் படித்த ஒருவர் போனால் ஏதாவது வித்தியாசம் உண்டா? இதுதான் அந்தக் கேள்வி.

அவர் பெயர் வி. ஆர். கிருஷ்ணய்யர். பாலக்காட்டுக்குப் பக்கத்தில் வைத்தியநாதபுரம் என்ற ஊரில், தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனாரும் வக்கீல். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்து, சென்னைச் சட்டக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1930களின் கடைசியில் தலைச்சேரி நீதிமன்றத்தில் தொழில் தொடங்கினார். தலைச்சேரி இருக்கும் மலபார்ப் பகுதி அப்போது சென்னை மாகாணத்தோடு இருந்தது. பெரிய ஜமீன்கள், அவர்களுக்குக் கீழே குத்தகைக்காரர், அவர்களுக்கும் கீழே பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த கூலிகள் என்று அடுக்கடுக்காக இருந்த ஊர்கள். ‘வெளியே போ’ என்று நிலக்காரர் சொன்னால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போக வேண்டியதுதான். அப்படி விரட்டப்பட்டவர்களுக்காகவும், தொழிலாளர்களுக்காகவும், விவசாயச் சங்கத்துக்காரர்களுக்காகவும் வாதாடித்தான் இவர் பெயர் எடுத்தார். 1948இல் கம்யூனிஸ்டுகளுக்கு உதவினார் என்று சொல்லி இவரையே பிடித்துக் கண்ணூர்ச் சிறையில் ஒரு மாதமளவில் அடைத்தார்கள். சிறைக்குள் ஏழைக் கைதி எப்படி நடத்தப்படுகிறான் என்பதை அவர் கண்ணால் கண்டது அப்போதுதான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறது.

1952இல் சென்னைச் சட்டசபைக்குக் கூத்துப்பறம்பு தொகுதியில் சுயேச்சையாக நின்று வென்றார். அதே 1952இல் இங்கேயும் பொதுத் தேர்தல் நடந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நமது பெற்றோரும் பாட்டன் பாட்டிமாரும் வாக்கில்லாமல் லயத்து வாசலில் நின்று வேடிக்கை பார்த்த முதல் தேர்தல் அது. மன்னார் வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தவர்களுக்கு ஊர் எதுவோ, அதே மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம் பக்கங்களில் இருந்துதான் மூணாறு, தேவிகுளம் தேயிலைத் தோட்டங்களுக்கும் கங்காணிமார் ஆள் பிடித்தார்கள். மேற்கே மலையேறியவர்களுக்கு வாக்கு இருந்தது. கடல் தாண்டியவர்களிடம் இருந்து அது பறிக்கப்பட்டது.

அந்த வாக்கு என்ன செய்தது என்று பாருங்கள். 1956 நவம்பரில் கேரள மாநிலம் உருவானது. 1957 தேர்தலில் 126 இடங்களில் கம்யூனிஸ்டுக் கட்சிக்கு 60 கிடைத்தது. ஐந்து சுயேச்சைகள் ஆதரவு தந்ததால் ஈ. எம். எஸ். நம்பூதிரிபாட் முதலமைச்சர் ஆனார். தலைச்சேரியில் வென்ற கிருஷ்ணய்யர் அந்த ஐவரில் ஒருவர். ஒரு கையில் எண்ணிவிடக் கூடிய பெரும்பான்மை. அடுத்த வருடம் தேவிகுளம் தொகுதியில் இடைத்தேர்தல் வந்தபோது ஒரே ஓர் இடம்கூட அரசுக்குப் பெரிய காரியமாக இருந்தது. ரோசம்மா புன்னூஸ் என்ற தோழியர் நின்றார். தேயிலைத் தோட்டத்துத் தமிழ் வாக்குகள் அங்கே மிக முக்கியம். பாவலர் வரதராஜன் மலையேறிப் போய்ப் பாட்டுப் பாடியே வாக்குக் கேட்டார். இளையராஜாவின் அண்ணன் என்றால் உங்கள் பிள்ளைகளுக்கும் தெரியும். ரோசம்மா வென்றார்.

கிருஷ்ணய்யர் அந்த அமைச்சரவையில் சட்டம், மின்சாரம், சிறைச்சாலை முதலிய பொறுப்புகளை ஏற்றார். அரசு பதவியேற்றது 1957 ஏப்ரல் 5ஆம் தேதி. ஒரு கிழமைக்குள், ஏப்ரல் 11ஆம் தேதி, ஓர் அவசரச் சட்டம் வந்தது. குத்தகைக்காரரையும் குடிசைவாசிகளையும் நிலத்தில் இருந்து வெளியேற்றும் நடவடிக்கைகள் எல்லாம் உடனே நிறுத்தப்பட்டன. நிலச் சீர்திருத்தச் சட்டம் பிறகுதான் வந்தது. அதை எழுதி, விவாதித்து, நிறைவேற்ற இரண்டு வருடம் பிடித்தது. ஆனால் அந்த இரண்டு வருடமும் நிலக்காரர்கள் சும்மா இருப்பார்களா? சட்டம் வருமுன் ஆட்களை விரட்டிவிட்டு, ‘என் நிலத்தில் யாருமே இல்லையே’ என்று சொல்லியிருப்பார்கள். நீதிமன்றத்தில் வெளியேற்ற வழக்குகளை நடத்திய அனுபவம் உள்ளவர்களுக்கு இந்தத் தந்திரம் நன்றாகத் தெரியும். அதனால்தான் முதலில் கதவை அடைத்தார்கள். வருவாய் அமைச்சராக இருந்த கௌரி அம்மாவும் சட்டம் படித்தவர். சட்டம் தெரிந்தவர் சபைக்குப் போனால் என்ன வித்தியாசம் என்று கேட்டவர்களுக்கு நாங்கள் முதலில் காட்டுவது இந்த ஒரு கிழமையைத்தான்.

சிறைச்சாலைப் பொறுப்பில் கைதிகளின் வேலைக்குக் கூலி கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்தார். வக்கீல் வைக்க வசதியில்லாத ஏழைகளுக்கு அரசு செலவில் சட்ட உதவி கொடுக்க விதிகள் கொண்டு வந்தார்கள். நமது நாட்டில் சட்ட உதவி ஆணைக்குழு 1978இல்தான் சட்டப்படி அமைந்தது.

இதுவரை நல்லதைச் சொன்னோம். சங்கத்து மேடையில் மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

தொழிற் தகராறில் பொலிஸ் முதலாளியின் ஆளாகத் தலையிடக் கூடாது என்பது அந்த அரசின் கொள்கை. நல்ல கொள்கை. ஆனால் 1958இல் சந்தனத்தோப்பு என்ற இடத்தில் முந்திரித் தொழிலாளர் மீது பொலிஸ் சுட்டதில் இரண்டு பேர் இறந்தார்கள். அதே வருடம் மூணாறுத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அங்கேயும் பொலிஸ் சுட்டது, அங்கேயும் இரண்டு உயிர் போனது. முந்திய இடைத்தேர்தலில் அரசைக் காப்பாற்றிய அதே மலை. துப்பாக்கிக்கு உத்தரவு கொடுத்தது கிருஷ்ணய்யர் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அந்த அமைச்சரவையில் அவரும் உட்கார்ந்திருந்தார். முல்லோயாத் தோட்டத்தில் 1940இல் கோவிந்தனையும், டெவன் தோட்டத்தில் 1977இல் சிவனு லட்சுமணனையும் பறிகொடுத்த நாம், ‘நம்முடைய அரசு’ சுட்டால் மட்டும் அதைச் சின்ன விஷயமாக எண்ண முடியாது.

இன்னொன்று, நிலச் சீர்திருத்தம். குடிசைவாசிக்குக் குடிசை இருக்கும் நிலம் சொந்தமாக வேண்டும் என்ற போராட்டம் கேரளத்தில் கடைசியில் வென்றது. 1957இல் தொடங்கி, நீதிமன்றத்தில் அடிபட்டு, திருத்தப்பட்டு, 1970இல்தான் முழுதாக நடைமுறைக்கு வந்தது. ஆனால் தேயிலை, ரப்பர், கோப்பி, ஏலத் தோட்டங்களுக்கு நில உச்சவரம்பில் விலக்குக் கொடுத்தார்கள். தோட்டத்தைத் துண்டு போட்டால் ஏற்றுமதி விழுந்துவிடும் என்பது அவர்கள் சொன்ன காரணம். அதனால் மாநிலம் முழுவதும் கூலிக்காரருக்குக் குடியிருக்கும் மண் கிடைத்தபோது, மூணாற்றுத் தொழிலாளி கம்பனி லயத்திலேயே இருந்தான். ஓய்வு பெற்றால் லயத்தை விட வேண்டும் என்ற பயமும் அவனோடு இருந்தது. ஏழு பேர்ச், பத்துப் பேர்ச் என்று நாம் இங்கே கேட்டுக்கொண்டிருப்பதன் அருமை அவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் கருத்தில் அந்த நல்ல சட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான். தோட்டத் தொழிலாளருக்காக உள்ளே எழுந்து பேச அன்று போதுமான குரல் இருக்கவில்லை.

1959 ஜூலை 31ஆம் தேதி மத்திய அரசு அந்த அரசைக் கலைத்தது. இருபத்தெட்டு மாதம்கூட முழுதாக ஆகவில்லை.

1960இல் மறுபடியும் தேர்தல். தலைச்சேரியில் கிருஷ்ணய்யர் தோற்றார். எத்தனை வாக்கில்? ஏழு. ஒரு லயத்தில் இருக்கும் வாக்கைவிடக் குறைவு. அவர் தேர்தல் வழக்குப் போட்டார், வென்றார், 1961இல் சபைக்குத் திரும்பினார். இங்கே தேர்தல் நாளில் ‘என் ஒரு வாக்கில் என்ன வந்துவிடப் போகிறது’ என்று சொல்லிப் படுத்துக்கொள்ளும் நமது இளைஞர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுங்கள். 1965 தேர்தலில் நின்று தோற்றார், அதோடு சட்டசபை வாழ்க்கை முடிந்தது. கூட்டிப் பார்த்தால் பதினைந்து வருடத்துக்கும் குறைவு.

பிறகு நடந்ததுதான் ஆச்சரியம். 1968இல் அவரைக் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி ஆக்கினார்கள். 1973இல் இந்தியாவின் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். (அங்கே உயர் நீதிமன்றம் மாநிலத்துக்கு, உச்ச நீதிமன்றம் நாட்டுக்கு. இங்கே நாம் உயர் நீதிமன்றம் என்று சொல்வதுதான் அங்கே உச்ச நீதிமன்றம். குழம்ப வேண்டாம்.) கம்யூனிஸ்டு அமைச்சரவையில் இருந்தவர் நீதிபதியாகலாமா என்று சட்டத்துறைக்குள் பெரிய எதிர்ப்பும் இருந்தது. 1980 நவம்பர் வரை அங்கே இருந்தார். இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்ற தீர்ப்புக்கு 1975 ஜூன் 24ஆம் தேதி நிபந்தனையோடு மட்டும் இடைக்காலத் தடை கொடுத்தவரும் இவரே. நீங்கள் பிரதமராக இருக்கலாம், ஆனால் பாராளுமன்றத்தில் வாக்களிக்க முடியாது என்பது நிபந்தனை. மறுநாள் இரவு அவசரநிலை வந்தது. அது பெரிய கதை. நமக்கு வேண்டியது வேறு வழக்குகள்.

ஒரு கொத்தனார். பெயர் மோத்தி ராம். அவரைப் பிணையில் விடலாம் என்று உத்தரவானது. ஆனால் கீழ் நீதிமன்றம் பத்தாயிரம் ரூபாய்க்குப் பிணை கேட்டது. அந்தக் காலத்துப் பத்தாயிரம். அவருடைய சகோதரர் பிணை நிற்க வந்தால், சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளிவிட்டார்கள். 1978இல் வழக்கு கிருஷ்ணய்யரிடம் வந்தது. ஆயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணையில் ஆளை விடச் சொன்னார். பணக்காரன் வெளியே, ஏழை உள்ளே என்று பிணைச் சட்டம் ஆகிவிடக் கூடாது என்பதுதான் அவர் காட்டிய நியாயம். இன்னொரு வழக்கில், வாங்கிய கடனைக் கட்ட உண்மையிலேயே வழியில்லாதவனைக் கடனுக்காகச் சிறைக்கு அனுப்பக் கூடாது என்றார். தில்லிச் சிறையில் ஒரு கைதியை அதிகாரி சித்திரவதை செய்ததைப் பற்றி மற்றொரு கைதி எழுதிய கடிதத்தையே வழக்காக எடுத்தார்கள். கண்ணூர்ச் சிறையை ஞாபகத்தில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

இப்போது தொழிலாளர் விஷயம். ‘தொழில்’ என்றால் எது என்று 1978இல் ஏழு நீதிபதிகள் உட்கார்ந்து தீர்மானித்த ஒரு வழக்கு உண்டு. பெங்களூர் நீர் வழங்கல் சபை வழக்கு. முக்கியத் தீர்ப்பை எழுதியவர் கிருஷ்ணய்யர். ஆலை மட்டுமல்ல, ஆஸ்பத்திரியும் கல்லூரியும்கூடத் தொழில் தகராறுச் சட்டத்துக்குள் வரும், முதலாளி லாபம் பார்க்கிறாரா தர்மம் செய்கிறாரா என்பது கேள்வியல்ல என்று அது சொன்னது. குஜராத்தில் ஓர் உருக்குக் குழாய்க் கம்பனி, வேலைநிறுத்தம் செய்த எண்ணூறுக்கும் மேற்பட்டவர்களைக் கூட்டாக விலக்கியது. அவர்களை மறுபடி வேலைக்கு எடுக்கச் சொன்ன தீர்ப்பும் இவருடையது.

ஆனால் நாங்கள் உங்களை நிறுத்தி வைத்துச் சொல்ல விரும்புவது ஒரு சின்ன வழக்கு. கோழிக்கோட்டுப் பக்கத்தில் ஒரு கயிற்றாலை. ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து கயிறு திரித்தவர்களில் இருபத்தொன்பது பேருக்கு வேலை மறுக்கப்பட்டது. சங்கம் வழக்குப் போட்டது. ஆலை முதலாளி ஹுசைன்பாய் என்ன சொன்னார்? ‘இவர்கள் என் ஆட்களே இல்லை. நான் கொந்தராத்துக்காரனுக்கு வேலை கொடுத்தேன், அவன் இவர்களைக் கூப்பிட்டான். சம்பளம் கொடுத்தவன் அவன். என்னைக் கேட்காதீர்கள்.’ இது கடைசியில் உச்ச நீதிமன்றம் வரை போனது. கிருஷ்ணய்யர் காகிதத்தைப் பார்க்கவில்லை, கயிற்றைப் பார்த்தார். கயிறு யாருடைய வியாபாரத்துக்குப் போகிறது? மூலப்பொருள் யாருடையது? இடம் யாருடையது? ஆலைக்காரர் கை விட்டால் இவர்கள் பிழைப்பு என்னவாகும்? எல்லாக் கேள்விக்கும் பதில் ஆலைக்காரர் என்றால், அவர்தான் முதலாளி. நடுவில் எத்தனை கொந்தராத்துக்காரர் நின்றாலும் அது திரைதான், அந்தத் திரையை விலக்கிப் பார்ப்பது நீதிமன்றத்தின் வேலை என்றார். மூன்று நான்கு பக்கத்துக்குள் அடங்கும் தீர்ப்பு. (அவருடைய மற்றத் தீர்ப்புகளைப் படிக்கப் பெரிய சட்டத்தரணிகளே அகராதி தேடுவார்கள். ஏழைகளுக்காக எழுதியவர் இத்தனை கஷ்டமான ஆங்கிலத்தில் எழுதியிருக்க வேண்டாம் என்பது எங்கள் மனக்குறை.)

இது ஏன் நமக்கு வேண்டும் என்று இங்கே இருப்பவர்களில் பாதிப் பேருக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். உங்கள் தோட்டங்களில் தேயிலை மலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் குடும்பத்துக்கு இத்தனை செடி என்று கொடுக்கிறார்கள். அவுட்குரோவர் முறை என்கிறார்கள், வருமானப் பங்கீடு என்கிறார்கள். பெயர் கம்பனிக்குக் கம்பனி மாறுகிறது. நிலம் கம்பனியுடையது, செடி கம்பனியுடையது. உரமும் மருந்தும் கம்பனி தந்து கணக்கில் கழிக்கிறது. கொழுந்தை அந்தக் கம்பனியின் தொழிற்சாலைக்கே கொடுக்க வேண்டும், விலையையும் அவர்களே சொல்கிறார்கள். சில இடங்களில் கிழமையில் இரண்டு மூன்று நாள் பேர் இருக்கிறது, மிச்ச நாளில் பெரட்டும் இல்லை, செக்ரோலும் இல்லை. செக்ரோலில் பேர் விழாத நாளுக்குச் சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் இல்லை. ஓய்வு பெற்றுச் சேவைக்காலப் பணம் கணக்குப் பார்க்கும்போதுதான் ஓட்டை தெரியும். கேட்டால், ‘நீங்கள் இப்போது தொழிலாளி இல்லை, சின்ன முதலாளி’ என்று பதில். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது.

கயிற்றாலைக் கேள்விகளை ஒவ்வொன்றாக இந்த மலைத் துண்டிடம் கேட்டுப் பாருங்கள். இந்தியத் தீர்ப்பு நமது நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. அதை மறைக்க மாட்டோம். ஆனால் எடுத்துக்காட்டாகக் காட்டி வாதாடலாம். நம்முடைய சட்டமும் வெறுங்கையாக இல்லை. 1950ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தில் ‘வேலையாள்’ என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கம் அகலமானது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கலாம், வாய்ச்சொல்லாக இருக்கலாம், நேரே சொல்லாமல் நடைமுறையில் விளங்குவதாகவும் இருக்கலாம். சம்பள வேலைக்கான ஒப்பந்தமாக மட்டும் இருக்க வேண்டியதில்லை, ஒருவர் தன் உடலால் ஒரு வேலையைச் செய்து கொடுக்கும் ஒப்பந்தமும் அதற்குள் வருகிறது. அதே சட்டத்தில் 1957இல் செய்த திருத்தத்தால்தான் தொழில் நியாய சபைகள் வந்தன. கேரளத்தில் வெளியேற்றத்தை நிறுத்திய அதே வருடம். வேலையில் இருந்து நிறுத்தினால் ஆறு மாதத்துக்குள் அங்கே மனுப் போட வேண்டும். சட்டத்தரணிதான் வர வேண்டும் என்றில்லை, சங்கத்தின் அதிகாரியும் உங்களுக்காக நின்று பேசலாம். இந்த வகுப்பை நடத்துவதே அதற்கு உங்களில் சிலரைத் தயார் செய்யத்தான்.

கிருஷ்ணய்யரின் மிச்சக் கதையைச் சொல்லிவிடுகிறோம். ஓய்வு பெற்றுக் கொச்சிக்குப் போனார். 1987இல் எதிர்க்கட்சிகள் அவரை ஜனாதிபதித் தேர்தலில் நிறுத்தின. தோற்றார். வென்றவர் ஆர். வெங்கட்ராமன், அவரும் ஒரு காலத்தில் சென்னையில் தொழிற்சங்க வக்கீல். 2014 டிசம்பர் 4ஆம் தேதி, நூறை நெருங்கிய வயதில் கிருஷ்ணய்யர் காலமானார். அமைச்சராகவும் நீதிபதியாகவும் இருந்த காலத்தைவிட நீண்ட காலம், எந்தப் பதவியும் இல்லாமல், வீடு தேடி வந்தவர்களின் மனுக்களைப் படித்துக்கொண்டிருந்தார்.

இப்போது வேலைக்கு வருவோம். மலைத் துண்டு பிரித்த தோட்டங்களில் இருந்து வந்தவர்கள் கை தூக்குங்கள். கம்பனி கையெழுத்து வாங்கிய காகிதத்தின் பிரதி, கொழுந்து நிறுத்த துண்டுச் சீட்டு, உரக்காசு கழித்த கணக்கு, கடைசியாக வந்த சேமலாப நிதிக் கூற்று, இந்த நான்கும் வேண்டும். பிரதி தரவில்லை என்றால், கேட்டுத் தரவில்லை என்பதைத் திகதி போட்டு எழுதி, இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்து வையுங்கள். தேநீருக்குப் பிறகு ஒவ்வொரு தோட்டமாக உட்கார்ந்து பார்ப்போம். தலைவிமார் முதலில் வாருங்கள், கொழுந்துக் கணக்கு உங்கள் கையில்தான் சரியாக இருக்கும்.